ஒரு ரூபாய்க்கு மூணு உயிர்!

சேலம், நாமக்கல் பக்கம் நாற்பது வயதைத் தொட்டுக்கொண்டிருக்கும் யாரிடமாவது, ‘முஸ்தஃபா ஆடியிருக்கீங்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். சினிமாப் பாட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்பவர்கள் ஒரு ரகம். இன்னொரு ரகத்தினருக்கு முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வரும். வலது கை கட்டைவிரல் தானாக எதையோ தட்டும். “நீங்க எந்தக் கடையில ஆடுனீங்க?” என்று திருப்பிக் கேட்பார்கள்.

எந்தக் கடை என்பது முக்கியம். 1990-களில் சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்று எந்த ஊரை எடுத்தாலும், பள்ளிக்கூடத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் அப்படி ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. ஷட்டர் பாதி இறக்கியிருக்கும். உள்ளே ஆள் உயர மரப்பெட்டிகள் நாலைந்து. ஒவ்வொன்றிலும் ஒரு திரை, ஒரு குச்சி, வழவழத்துப்போன சில பொத்தான்கள். யூனிஃபார்மோடு வருபவர்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதி ஒட்டியிருக்கும். யூனிஃபார்மோடுதான் கூட்டம் நிற்கும்.

ஒரு ரூபாய் போட்டால் ஓர் ஆட்டம். பிறகு அது இரண்டு ரூபாய் ஆனது. பஸ்ஸுக்குக் கொடுத்த காசை இங்கே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போனவர்கள் கணக்கிலடங்காது. ஆடுபவன் ஒருவன் என்றால் பின்னால் நின்று யோசனை சொல்பவர்கள் ஏழெட்டுப் பேர். காசு இல்லாதவனுக்கும் அங்கே வேலை இருந்தது. ‘பின்னால வர்றான் பாரு’, ‘கறியை எடு, கறியை எடு’ என்று கத்துகிற வேலை. பெரிய ஆளை அடித்துக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் அடுத்த பத்து நிமிடம் கடைக்காரரோடு பஞ்சாயத்து.

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகையையொட்டி சேலத்தில் நடக்கும் பொருட்காட்சியிலும் ராட்டினம், டெல்லி அப்பளம் வரிசையில் வீடியோ கேமுக்கு ஓர் இடம் இருக்கும். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் பிள்ளைகளுக்கு அதுதான் பண்டிகை.

‘முஸ்தஃபா’ என்பது அந்த விளையாட்டின் பெயரே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட அதன் உண்மையான பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. நான்கு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஆட வேண்டும். அதில் ஒருவர் பெயர் முஸ்தஃபா கெய்ரோ. ஓடிவந்து பறந்து உதைப்பார். ஆட்களில் அவர்தான் வேகம். ஆங்கிலத் தலைப்பை வாசிக்க யாருக்குப் பொறுமை? நல்லா உதைக்கிறவர் பெயரே ஆட்டத்தின் பெயராகிவிட்டது. சேலத்தில் மட்டுமல்ல, இந்தியா முழுக்க அது முஸ்தஃபாதான். தமிழ்நாட்டில் 1996-இல் ‘காதல் தேசம்’ பாட்டும் சேர்ந்துகொள்ள, அந்தப் பெயரை யாராலும் மறக்க முடியாமல் போனது.

அந்தக் கடைகள் இப்போது இல்லை. 2000-க்குப் பிறகு பிரவுசிங் சென்டர்கள் வந்தன. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பிளேஸ்டேஷன் கடைகள் வந்தன. பிறகு எல்லாமே செல்போனுக்குள் போய்விட்டது. மரப்பெட்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. ஆனால், அந்தப் பெட்டிக்குள் இருந்த விளையாட்டுகளில் கணிசமானவை இன்று முறையான உரிமத்தோடு, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோ ஸ்விட்ச் போன்ற புதிய கன்சோல்களில் தொகுப்புகளாகக் கிடைக்கின்றன. பிள்ளைக்கு என்று வாங்கிய கன்சோலில், பிள்ளை தூங்கிய பிறகு அப்பா ஆடுவது இவற்றைத்தான்.

பெட்டியில் இருந்தது எப்படி டிவிக்குள் வந்தது?

கடையில் இருந்த மரப்பெட்டி வெறும் கூடுதான். உள்ளே ஒரு பெரிய சர்க்யூட் போர்டு. அதிலுள்ள சிப்களில்தான் விளையாட்டு இருக்கும். 1985-இல் ஜப்பானில் ‘ஜாமா’ என்றொரு பொதுவான இணைப்பு முறையைக் கொண்டுவந்தார்கள். அதனால் பெட்டியை மாற்றாமல் போர்டை மட்டும் கழற்றி மாட்டினால் போதும், புது விளையாட்டு தயார். நேற்று விமானம் ஓடிய பெட்டியில் இன்று குங்ஃபூ ஓடியதன் ரகசியம் இதுதான்.

அந்தப் போர்டில் இன்னொரு சமாச்சாரமும் உண்டு. வரிசையாகச் சில குட்டி சுவிட்சுகள். ஓர் ஆட்டத்துக்கு எத்தனை உயிர், எதிரிகள் எவ்வளவு முரடு என்பதைக் கடைக்காரரே அவற்றை வைத்து மாற்றிக்கொள்ளலாம். ‘போன வாரம் நாலாவது ஸ்டேஜ் வரைக்கும் போனேன், இந்த வாரம் ரெண்டே தாண்ட முடியலையே’ என்று குழம்பியவர்கள், உங்கள் திறமை மீது சந்தேகப்பட வேண்டியதில்லை. கடைக்காரர் மீது பட்டிருக்கலாம்!

இந்தப் போர்டுகள் நிரந்தரமானவை அல்ல. கேப்காமின் அந்தக்காலப் போர்டுகள் சிலவற்றில், யாரும் நகல் எடுக்காமல் இருப்பதற்காக ஒரு சின்ன பேட்டரி வைத்திருந்தார்கள். விளையாட்டைத் திறக்கும் சாவி அந்த பேட்டரியின் தயவில்தான் நினைவில் நிற்கும். பேட்டரி தீர்ந்தால் சாவி அழிந்துவிடும், போர்டு அவ்வளவுதான். சேகரிப்பாளர்கள் இதற்கு ‘தற்கொலை பேட்டரி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

சிப்பில் இருப்பதைப் படியெடுத்து, பழைய இயந்திரம் போலவே நடிக்கும் ஒரு மென்பொருளில் ஓடவிடுவதுதான் இதற்குக் கிடைத்த வழி. அந்த நடிகருக்கு எமுலேட்டர் என்று பெயர். இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சால்மோரியா என்பவர் 1997 பிப்ரவரியில் ‘மேம்’ என்ற எமுலேட்டரை வெளியிட்டார். ஆயிரக்கணக்கான கடை விளையாட்டுகள் அழியாமல் தப்பியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் மென்பொருள் சட்டபூர்வமானது என்றாலும், அதில் போட்டு ஆடும் விளையாட்டுக் கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வது காப்புரிமை மீறல்தான். விளையாட்டைச் செய்த நிறுவனங்களே அதே உத்தியைக் கையில் எடுத்து, சொந்தச் சரக்கை விற்க ஆரம்பித்தபோதுதான் தொகுப்புகள் பிறந்தன.

கேப்காம் 2021-இல் வெளியிட்ட ‘கேப்காம் ஆர்கேட் ஸ்டேடியம்’ 32 விளையாட்டுகள் கொண்டது. 1984 முதல் 2001 வரை வந்தவை. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’, ‘ஃபைனல் ஃபைட்’, ‘கேப்டன் கமாண்டோ’ எல்லாம் அதில் இருக்கின்றன. மேலிருந்து பார்க்கும் விமானச் சண்டை 1942, 1943 இரண்டும் இருக்கின்றன. (1943 ஒரு விசித்திரம். ஜப்பானிய நிறுவனம் ஒன்று, நம்மை அமெரிக்க விமானத்தில் ஏற்றி ஜப்பானியப் போர்க்கப்பலை மூழ்கடிக்கச் சொல்கிறது. வியாபாரம் என்று வந்துவிட்டால் இதையெல்லாம் பார்க்க முடியுமா!) 2022-இல் இரண்டாவது ஸ்டேடியம் வந்தது. அதில் மேலும் 32. ஜப்பானின் ஹாம்ஸ்டர் நிறுவனம் 2014 முதல் ‘ஆர்கேட் ஆர்கைவ்ஸ்’ என்ற பெயரில் வேறுவேறு நிறுவனங்களின் பழைய விளையாட்டுகளை ஒவ்வொன்றாக விற்கிறது. நம் ஊர்க் கடைகளில் கடைசிக் காலத்தில் சக்கைப்போடு போட்ட ‘மெட்டல் ஸ்லக்’ அந்த வரிசையில் கிடைக்கிறது.

சரி, முஸ்தஃபா?

தேடினாலும் கிடைக்காதவர்

முதல் ஸ்டேடியத்தின் 32-லும் இல்லை, இரண்டாவதன் 32-லும் இல்லை. தெருச்சண்டை விளையாட்டுகளுக்கென்றே கேப்காம் 2018-இல் ஒரு தொகுப்பு போட்டது. அதிலுள்ள 7 விளையாட்டுகளிலும் முஸ்தஃபா இல்லை. இந்தியாவில் எல்லோரும் முதலில் தேடுவது எதுவோ, அதுதான் இல்லை.

விளையாட்டைச் செய்தது கேப்காம் என்றாலும், கதை அவர்களுடையது அல்ல. அது மார்க் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் 1980-களில் வரைந்த ‘ஜெனோசோயிக் டேல்ஸ்’ என்ற படக்கதை. முஸ்தஃபா அதிலிருந்து வந்தவர்தான். தலைப்பில் இருக்கும் காடிலாக், ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனியின் பெயர். அப்பன் சொத்து, பெரியப்பன் பாகம், பக்கத்துத் தோட்டத்துப் பாதை என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டால்தான் பத்திரம் பதிய முடியும் என்கிற நிலம் ஊருக்கு ஊர் இருக்குமே, அதே கதைதான்.

கையெழுத்து வாங்கவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. அதே 1993-இல் கேப்காம் செய்த இன்னொரு விளையாட்டு ‘தி பனிஷர்’. அதன் நாயகன் மார்வெல் நிறுவனத்துக்குச் சொந்தம். முப்பது வருடங்களாக எந்தத் தொகுப்பிலும் தலைகாட்டாமல் இருந்த அது, 2024 செப்டம்பரில் மார்வெல் சண்டை விளையாட்டுகளின் தொகுப்பு ஒன்றில் வந்து சேர்ந்தது. பேசி முடித்தால் நடக்கிறது.

இது ஏதோ ஒரு விளையாட்டின் சோகம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் இயங்கும் ‘வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்’ 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 100-க்கு 87 இன்று கடையில் காசு கொடுத்து வாங்க முடியாத நிலையில் இருக்கின்றன என்பது அதன் முடிவு. காசு கொடுக்கத் தயாராக இருப்பவனுக்கே கிடைக்காது. அந்தக்கால சினிமாவுக்காவது எங்காவது ஒரு பிரிண்ட் பெட்டியில் கிடக்கும். பேட்டரி தீர்ந்த போர்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அண்ணன் சொன்னது பொய் இல்லை

தொகுப்பை வாங்கி, ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’-ஐப் போட்டதும் பல வீடுகளில் ஒரு சண்டை வரும். “நாங்க ஆடுனப்ப இவன் ஆகாயத்துல இருந்தே நெருப்பு விடுவான். ஒண்ணு விட்டா ஏழெட்டு போகும். ஆட்டத்துக்கு நடுவுலயே ஆளை மாத்தலாம்” என்று பெரியவர் சொல்வார். சின்னவன் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்துவிட்டு, “சும்மா கதை விடாதீங்க” என்பான்.

பெரியவர் கதை விடவில்லை. 1992-இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2: சாம்பியன் எடிஷன்’-ஐ யாரோ சட்டவிரோதமாகத் திருத்தி, ‘ரெயின்போ எடிஷன்’ என்று பெயர் பெற்ற ஒரு போலிப் பதிப்பை உலவவிட்டார்கள். வேகம் கன்னாபின்னா என்று இருக்கும். காற்றில் பறந்துகொண்டே நெருப்பு விடலாம், நடுவில் ஆளை மாற்றலாம். விலை மலிவான போலி போர்டுகள் வழியாக அது பல நாடுகளின் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இதைப் பார்த்து மிரண்ட கேப்காமின் அமெரிக்கக் கிளை, ‘ஜனங்களுக்கு வேகம் பிடிக்கிறது’ என்று தலைமையகத்துக்குச் சொல்ல, 1992 டிசம்பரில் வேகம் கூட்டிய முறையான பதிப்பு ஒன்றே வெளியானது. திருடன் வைத்த மசாலாவை வீட்டுக்காரரும் குழம்பில் சேர்த்துக்கொண்ட கதை.

முறையான தொகுப்பில் இருப்பது முறையான பதிப்புதான். அந்த ஏழெட்டு நெருப்பு அதில் வராது. சேலத்துக் கடையில் ஆடியது எது, தொகுப்பில் இருப்பது எது என்ற இந்த இடைவெளியைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் குறையும்.

‘காண்ட்ரா’விலும் இதே சிக்கல், வேறு மாதிரி. இரண்டு சிப்பாய்கள், காடு, துப்பாக்கி. அதைக் கடையில் ஆடியவர்களைவிட வீட்டில் ஆடியவர்கள்தான் இங்கே அதிகம். அந்த வீட்டுப் பெட்டி நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் விற்ற ‘ஃபேமிகாம்’ கன்சோலின் நகல். இந்தியாவுக்கு அது பல பெயர்களில் வந்தது. நமக்கு எல்லாமே ‘டிவி கேம்’. லாரியில் சென்னைக்குப் போன அப்பாவோ மாமாவோ பர்மா பஜாரில் வாங்கி வந்ததாக இருக்கும். கூடவே ‘99999 இன் 1’ என்று அச்சடித்த மஞ்சள் நிறக் கேசட். எண்ணிப் பார்த்தால் உள்ளே இருபது முப்பது விளையாட்டுகள்தான், அவையே வேறுவேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். அதில் ‘முப்பது உயிர் காண்ட்ரா’ என்று தனியாக ஒன்று இருந்தால் அந்த வீட்டுப் பையனுக்குத் தெருவில் தனி மரியாதை.

கொனாமி நிறுவனம் 2019-இல் ‘காண்ட்ரா அனிவர்சரி கலெக்‌ஷன்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. அதைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது 1987-இல் வந்த கடைப் பதிப்பு. நீள வாக்கில் நிற்கும் திரைக்காகச் செய்தது அது. டிவியில் நடுவில் ஒடுங்கித் தெரியும். ‘இது நம்ம காண்ட்ராவே இல்லையே’ என்று மூடிவிடாதீர்கள். அதே பட்டியலில் இன்னும் கீழே, 1988-இல் வந்த வீட்டுப் பதிப்பும் இருக்கிறது. நம்ம ஊர்க் காண்ட்ரா அதுதான். தலைப்புத் திரையில் மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்தினால் முப்பது உயிர் கிடைக்கும். இந்த வரிசையை உருவாக்கியவர் கொனாமியின் கஸுஹிஸா ஹஷிமோட்டோ. 1986-இல் ‘கிரேடியஸ்’ என்ற விளையாட்டை வீட்டுக் கன்சோலுக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்கும் அவராலேயே அதைத் தாண்ட முடியவில்லை. அதனால் தனக்காக ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். எடுக்க மறந்து அப்படியே வெளியாகிவிட்டது. 2020 பிப்ரவரியில் அவர் இறந்தபோது உலகெங்கும் அஞ்சலிக் குறிப்புகளில் அந்தப் பத்துப் பொத்தான்களைத்தான் எழுதினார்கள்.

மரியோ வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் நிண்டெண்டோ வீட்டுப் பிள்ளை. பிளேஸ்டேஷனிலோ எக்ஸ்பாக்ஸிலோ தேட வேண்டாம். நிண்டெண்டோ ஸ்விட்சில், சந்தா கட்டினால் கிடைக்கும் பழைய விளையாட்டுப் பட்டியலில் இருக்கிறார்.

வாத்து சுடும் விளையாட்டைக் கேட்பவர்களும் உண்டு. பழைய டிவி கேமும் பிளாஸ்டிக் துப்பாக்கியும் பரணில் பத்திரமாக இருந்தாலும், புதிய எல்இடி டிவியில் ஒரு வாத்தும் விழாது. துப்பாக்கி பழுதாகவில்லை. உண்மையில் அது எதையும் சுடுவதே இல்லை, பார்க்க மட்டும் செய்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முனையில் உள்ள ஒளி உணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். இது கண் இமைக்கும் நேரத்துக்குள் நடக்க வேண்டும். பழைய குழாய் டிவியில் நடக்கும். எல்இடி டிவி, படத்தை வாங்கி மெருகேற்றிக் காட்ட எடுத்துக்கொள்ளும் சின்ன தாமதத்தில் துப்பாக்கி ஏமாந்துவிடுகிறது.

ஆனால் தமிழ்நாட்டு வீடுகளுக்கு ஒரு வசதி உண்டு. 2006-லிருந்து அரசு கொடுத்த இலவச கலர் டிவி. அந்த 14 இன்ச் பெட்டி குழாய் டிவிதான். பல வீடுகளில் பரணிலோ, கோழிப்பண்ணைக் காவல் அறையிலோ இன்னும் உயிரோடு இருக்கிறது. இரும்புக் கடைக்குப் போடும் முன் ஒரு தடவை யோசியுங்கள். வாத்து விழுகிற டிவியை இனிமேல் யாரும் செய்யப்போவதில்லை.

அதே தாமதம் புதிய கன்சோலில் ஆடும்போதும் வேலையைக் காட்டும். ‘சரியாத்தான் குதிச்சேன், ஆனா விழுந்துட்டேன்’ என்று தோன்றினால், வயதாகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் டிவி அமைப்புகளில் ‘கேம் மோட்’ என்பதைப் போட்டுப் பாருங்கள். படத்துக்கு மெருகேற்றும் வேலையை நிறுத்தி, வந்ததை வந்தபடி காட்டும்.

காசு இல்லாத ஆட்டம்

தொகுப்பு வாங்கிய வீடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான். முதல் நாள் அப்பா ஆடுவார். பிள்ளை வேடிக்கை பார்க்கும். இரண்டாம் நாள் பிள்ளை ஆடும். செத்தால் காசு போட வேண்டும் அல்லவா? இங்கே காசு என்பது ஒரு பொத்தான். அழுத்திக்கொண்டே இருக்கலாம். நாற்பது முறை செத்து, நாற்பது முறை எழுந்து, அப்பா ஒரு வருடம் முழுக்கத் தாண்ட முடியாத ஆட்டத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, “இவ்ளோதானா? இதுக்கா பஸ் காசைத் தொலைச்சீங்க?” என்று எழுந்து போய்விடும்.

அந்தக் கேள்வி நியாயமானதுதான். அந்த விளையாட்டுகள் கதைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மூன்று நிமிடத்தில் ஒரு ரூபாயைப் பிடுங்கவும், ‘இன்னும் கொஞ்சம் கவனமா ஆடியிருந்தா தாண்டியிருக்கலாம்’ என்ற நினைப்பில் அடுத்த ரூபாயைப் போட வைக்கவும் செய்யப்பட்டவை. பையில் ஒரே ஒரு ரூபாய் இருப்பதுதான் அதில் பாதி விளையாட்டு. அது இல்லாவிட்டால் எதிரி வருவான், அடிப்போம், இன்னொருவன் வருவான், அடிப்போம். அவ்வளவுதான்.

தொகுப்புகளில் இன்னும் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். கேப்காம் ஸ்டேடியத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆட்டம் பின்னோக்கி ஓடும். அடிபட்டதே நடக்காத மாதிரி ஆக்கிவிடலாம். ஆட்ட வேகத்தையும் குறைக்கலாம். கை நடுக்கம் உள்ள தாத்தாவுக்கோ, ஆறு வயதுப் பிள்ளைக்கோ இவை வரப்பிரசாதம், சந்தேகமில்லை. ஆனால் நன்றாக ஆடத் தெரிந்த பிள்ளை பின்னோக்கும் பொத்தானிலேயே விரலை வைத்திருந்தால், ஆட்டத்தில் பயம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும். பயம் இல்லாத இடத்தில் தாண்டிய சந்தோஷமும் இருக்காது.

ஒரு வழி இருக்கிறது, செலவில்லாத வழி. வீட்டில் ஒரு கிண்ணத்தில் நிஜமான ஒரு ரூபாய்க் காசுகளை ஆளுக்கு மூன்று எண்ணி வைத்துவிடுங்கள். செத்துத் தொடரும்போதெல்லாம் ஒரு காசை டப்பாவில் போட வேண்டும். மூன்றும் தீர்ந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, கண்ட்ரோலர் அடுத்தவர் கைக்குப் போகும். இப்படி வைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் பிள்ளை சோபா நுனிக்கு வந்து உட்காரும். வேடிக்கை பார்ப்பவர்கள் கத்த ஆரம்பிப்பார்கள். ‘எவ்வளவு நேரம் டிவி பார்ப்பே?’ என்ற தினசரிச் சண்டைக்கும் இதில் பாதி விடை கிடைத்துவிடும்.

செலவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொகுப்புகளுக்காக மட்டும் புதிய கன்சோல் வாங்குவது வீண் செலவு. இவற்றில் பெரும்பாலானவை பழைய பிஎஸ்4-க்காக வந்தவை. 2021-இல் இந்தியாவுக்கு வந்த பிஎஸ்5-லும் ஓடும். இதில் ஒரு சின்ன லாபம் உண்டு. பிஎஸ்5-க்கான புதிய விளையாட்டுகளில் பிஎஸ்4 கண்ட்ரோலர் வேலை செய்யாது. ஆனால் பிஎஸ்4 விளையாட்டை பிஎஸ்5-ல் ஆடும்போது வேலை செய்யும். ஆகவே இரண்டாவது ஆளுக்கு என்று விலை உயர்ந்த புது கண்ட்ரோலர் வாங்க வேண்டியதில்லை, வீட்டில் கிடக்கும் பழையதே போதும். ஒரே வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இருவர் ஆட இணையச் சந்தாவும் தேவையில்லை. தொகுப்புகளின் விலை பண்டிகைச் சலுகைக் காலங்களில் நன்றாக இறங்கும். அவசரப்படாமல் காத்திருந்து வாங்குபவர்களே புத்திசாலிகள்.

பொருட்காட்சியிலும் இணையத்திலும் சில நூறு ரூபாய்க்கு, கைக்கு அடக்கமாக ‘400 இன் 1’ பெட்டிகள் விற்கிறார்களே, அது போதாதா? பிள்ளைக்குப் பொழுது போகும். ஆனால் அந்த மஞ்சள் கேசட்டின் பேரப்பிள்ளை அது. உள்ளே இருக்கும் விளையாட்டுகளைச் செய்தவர்களுக்கு ஒரு பைசா போகாது. ‘அந்தக் காலத்தில் மட்டும் போனதா?’ என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான். அன்றைக்கு இங்கே முறையாக வாங்க வழியே இல்லை. இன்றைக்கு சிலவற்றுக்காவது இருக்கிறது. விற்றால்தான் அடுத்த தொகுப்புக்கு யாராவது கையெழுத்து வாங்க அலைவார்கள். முஸ்தஃபா வருவதற்கும் அதுதான் வழி.

உயிர்க் கடன்

ஒரு விஷயத்தில் மட்டும் எந்தச் செல்போன் விளையாட்டும் இவற்றுக்குப் பக்கத்தில் வர முடியாது. இரண்டு பேர், ஒரே திரை, தோளோடு தோள். செல்போனில் நூறு பேரோடு ஆடலாம், ஆனால் பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் இடிக்க முடியாது.

வீட்டுப் பதிப்புக் காண்ட்ராவில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. ஒருவருக்கு உயிர்கள் எல்லாம் தீர்ந்துவிட்டால், ‘ஏ’ பொத்தானை அழுத்தி, கூட ஆடுபவர் கணக்கிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய சம்மதத்தை விளையாட்டு கேட்காது. “அண்ணா, ஒரே ஒரு லைஃப் ணா” என்று கேட்டு வாங்கிய தம்பிகளும் உண்டு, கேட்காமலே உருவிய தம்பிகளும் உண்டு. அம்மாவிடம் வரை போன வழக்குகள் அவை. ‘அவனுக்கு ஒண்ணு குடுத்தா குறைஞ்சா போயிடுவே?’ என்ற தீர்ப்புதான் பெரும்பாலும் வந்திருக்கும்.

தொகுப்பில் அதே பதிப்புதான் ஓடுகிறது என்பதால் அந்தப் பொத்தானும் அப்படியே இருக்கிறது. பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதா வேண்டாமா என்பதை அப்பாக்களும் சித்தப்பாக்களும் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். சொல்லாவிட்டாலும் இரண்டு நாளில் தானாகக் கண்டுபிடித்துவிடும். அருவி ஸ்டேஜில், நீங்கள் மேலே ஏறிவிட்டு, கடைசி உயிரைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நிற்கும்போது, அது திடீரென்று உங்கள் கணக்கில் இருக்காது.